ஆறு வற்றுவதற்குள் ஒரு விருந்து

ஞாயிறு காலை எட்டு நாற்பதுக்கு ஹென்டர்சனிலிருந்து புறப்பட்டோம். காரில் மூன்று பேர். ஓட்டியவர் பக்கத்து வீட்டு ராமசாமி. பின்னிருக்கையில், நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா ரஞ்சினி, மடியில் ஒரு வெள்ளை ஏப்ரனை நான்காக மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் நான். போகவேண்டிய ஊர் ரிவர்ஹெட். ஆக்லாந்து நகரின் வடமேற்கு ஓரம், வீட்டிலிருந்து பதினாறு கிலோமீட்டர்.

இது எண்பதுகளின் பிற்பகுதியில் நடந்தது. ஈரோட்டுப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் வெண்ணெய்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு நியூசிலாந்து அனுப்பியிருந்தார்கள். அங்கே என் வேலை ருசி பார்ப்பது. கட்டி கட்டியாக வெண்ணெயை நாக்கில் வைத்து, உப்பு சரியா, மாடு என்ன புல் மேய்ந்தது, பீப்பாயில் எத்தனை நாள் இருந்தது என்று சொல்ல வேண்டும். சமையல் எனக்கு வராது. வெந்நீர் வைப்பேன், அவ்வளவுதான்.

ரஞ்சினிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் மனையியல் டீச்சராக இருந்தவர். கலவரத்துக்குப் பிறகு கணவர் சிவபாலனுடன் இங்கே வந்தவர். பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொட்டுச் சாப்பிட்டதில்லை. இரண்டு வருடமாக வேலை தேடியும் கிடைக்கவில்லை. அந்த வாரம் சூப்பர் மார்க்கெட் பலகையில் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்தார். ரிவர்ஹெட் ஆற்றங்கரையில் உள்ள டாவர்ன் என்ற பழைய மதுவிடுதியில் சனி, ஞாயிறு சமையலுக்கு ஆள் தேவை. போன் செய்தபோது அந்தப் பக்கம் பேசிய அம்மாள், "ஞாயிறு மதியம் முப்பத்திரண்டு பேருக்கு ஒரு விருந்து. வந்து கூட நின்று செய். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டார்.

"நான் மச்சம் மாமிசம் தொடமாட்டன் எண்டு போனில சொல்ல வாய் வரேல்லை, அண்ணா. நேரில சொல்லுவம்" என்றார் ரஞ்சினி என்னிடம்.

சிவபாலன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஞாயிறு ஷிப்ட். "உமக்கு விருப்பமெண்டால் போம். தனியப் போகவேண்டாம், அண்ணையைக் கூட்டிக்கொண்டு போம்" என்று சொல்லிவிட்டு விடியுமுன் கிளம்பியிருந்தார். அப்படித்தான் நான் அந்தக் காரில் ஏறினேன். ஊர் பார்க்கும் ஆசையும், புது இடத்தில் சாப்பிடும் ஆசையும் எனக்குத் தனியாக இருந்தன.

லிங்கன் ரோட்டைத் தாண்டி மாஸி மேடு ஏறியதும் வீடுகள் முடிந்துபோயின. இன்று வெஸ்ட்கேட் என்று பெரிய கடைத்தொகுதி எழும்பியிருக்கும் இடத்தில் அன்று மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. என் தொழிலில் நான் பார்த்திராத மாடுகள். மேய்ப்பவர் இல்லை, கயிறு இல்லை, விலா எலும்பு தெரியவில்லை. முழங்கால் உயரப் புல்லில் நின்று எங்களைப் பார்த்தன. ஏப்ரல் மாதம் அங்கே இலையுதிர்காலம். ஆனால் புல் அப்போதுதான் முளைத்ததுபோல் பச்சை. நான் ராமசாமியிடம் காரை மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

"மாட்டையா பாக்கிற, பையா? இங்க ஆளவிட மாடு ஜாஸ்தி" என்று சிரித்தார் அவர். ராமசாமியின் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து பிஜித் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனவர். இவர் ஹென்டர்சனில் கார்களின் நசுங்கலை எடுக்கும் பட்டறை வைத்திருந்தார். "தமிழ் நம்ம வீட்டுல கேட்டது, பிஜில சங்கம் ஸ்கூல்ல கொஞ்சம் படிச்சது. தப்பா இருந்தா திட்டாத" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அன்று அவருக்குக் குமேயூவில் பூசணிக்காய் வாங்கும் வேலை. எங்களை வழியில் இறக்கிவிட்டு மாலை நாலரைக்கு வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

ஒன்பது மணிக்கு ஒரு தோட்டத்து வாசலில் நிறுத்தினார். சாலையோரம் ஒரு மரமேசை. மேலே ஆப்பிள் பைகள், பக்கத்தில் பச்சையாக முட்டை அளவில் ஏதோ பழம். ஆள் இல்லை. மேசையோடு ஆணி அடித்த தகர டப்பா ஒன்று, அதில் ஒரு வெட்டு.

"யாருமே இல்லைங்களே. காசை யாருகிட்டங்க குடுக்கறது?" என்றேன்.

"டப்பாகிட்ட குடு."

"எடுத்துட்டுப் போயிட்டா?"

ராமசாமி என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "யார் போவான்? எதுக்குப் போவான்?"

ஐம்பது சென்ட் போட்டு ஒரு பை பச்சைப் பழம் எடுத்தேன். பெயர் பீஜோவா. பாதியாக வெட்டிக் கரண்டியால் தோண்டித் தின்ன வேண்டும். கொய்யாவின் மணல்வாகு, அன்னாசியின் புளிப்பு, கடைசியில் மூக்கில் ஏறும் ஒரு தைல வாசனை. வெண்ணெய் ருசிக்கும் நாக்கு சில நொடி குழம்பிப்போனது. ரஞ்சினிக்கு ஒன்று கொடுத்தேன். அவர் சாப்பிடாமல் மூக்கருகே வைத்து வெகுநேரம் முகர்ந்தார். "கன நேரம் அடுப்பில வைக்கக்கூடாத பழம். வைச்சால் இந்த மணம் போயிடும்" என்றார். முகர்ந்தே சொன்னார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பது இருபதுக்கு ரிவர்ஹெட். ஊர் என்றால் ஒரு தெருவும் அதன் முடிவில் ஆறும். கடல் உள்நாட்டுக்குள் நீட்டிய கையின் கடைசி விரல் அந்த ஆறு. கடல் ஏறும்போது நிறைந்து இறங்கும்போது வற்றும். நாங்கள் பார்த்தபோது பாதி சேறு, பாதி நீர். சேற்றில் அலையாத்திச் செடிகள் மூச்சுவிடும் குச்சிகளை நீட்டியிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஒரு குச்சியை மூடி அடுத்த குச்சிக்கு வந்தது. சத்தமே இல்லை. சாலைகள் வருமுன் இந்த வழியாகத்தான் படகில் ஆட்களும் சாமான்களும் வந்தார்களாம். ஒருகாலத்தில் மாவு மில், காகித மில் எல்லாம் இங்கே ஓடியதாக ராமசாமி சொன்னார். இப்போது மிஞ்சியிருப்பது டாவர்ன்.

பத்து மணிக்குத்தான் வரச்சொல்லியிருந்ததால் ஊரில் எங்கெல்லாம் சாப்பிடலாம் என்று பார்க்க நடந்தேன். ரஞ்சினி படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். போனில் சொல்லாததை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்கடை ஞாயிற்றுக்கிழமை மூடல். கண்ணாடிக்குள் தேங்காய்த் துருவலில் புரட்டிய சாக்லேட் கேக்கின் படம் மட்டும் தெரிந்தது. மீன் வறுவல் கடை நாலு மணிக்குத் திறக்கும் என்று அட்டை. திறந்திருந்தது ஒரே ஒரு டெயரி. இந்தச் சொல்லால் நான் வந்த முதல் வாரமே ஏமாந்திருக்கிறேன். டெயரி என்ற பலகையைப் பார்த்துப் பால் நிலையம் என்று நினைத்து உள்ளே போய், கிரீம் பிரிக்கும் மெஷின் எங்கே என்று கேட்டவன் நான். அந்த நாட்டில் டெயரி என்றால் தெருமுனை மளிகைக் கடை. ரொட்டி, செய்தித்தாள், கண்ணாடிப் பாட்டிலில் பால், சூடான பெட்டிக்குள் இறைச்சிப் பை, எல்லாம் கிடைக்கும். பை என்பது மைதா ஓட்டுக்குள் கொத்துக்கறிக் குழம்பு அடைத்த பண்டம், எண்பது சென்ட். நின்றபடியே தின்றேன். ஓடு உதிர்ந்து சட்டையெல்லாம் தூள். அந்த ஓட்டில் இருந்த வெண்ணெய் அசல் வெண்ணெய். எண்பது சென்ட் பண்டத்தில் அசல் வெண்ணெய் போடும் ஊர் அது. எங்கள் ஊரில் வெண்ணெயைப் பூட்டி வைப்போம்.

பத்து மணிக்கு டாவர்னின் பின்கதவைத் தட்டினோம். நூறாண்டு தாண்டிய மரக்கட்டடம். கதவைத் திறந்தவர் மொரீன், உரிமையாளர், அறுபது வயது, செம்பட்டை நரைத்த தலை, முழங்கை வரை மாவு. அவருடைய தாத்தா அயர்லாந்தில் இதேபோல ஓர் ஆற்றங்கரை ஊரிலிருந்து கப்பலேறி வந்தவராம். "அங்கே ஆறு வற்றாது. இந்த ஆறு வற்றும். அதனால் இங்கே யாரும் சோம்பேறியாக இருக்க முடியாது" என்றார்.

ரஞ்சினி ஏப்ரனைக் கட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொன்னார். "நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. தொட்டதும் இல்லை. இதை போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள். வேண்டாமென்றால் போய்விடுகிறோம்."

மொரீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ரொட்டி சுடுவாயா?"

"சுடுவேன். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறேன்."

"காய்கறி? இனிப்பு?"

"செய்வேன்."

"அப்படியானால் ஏப்ரனைக் கட்டு. இறைச்சி என்னுடையது, மற்றது உன்னுடையது."

எனக்குக் கோப்பை துடைக்கும் வேலை கிடைத்தது.

அந்த அடுக்களையை நான் மறக்க மாட்டேன். ஆள் படுக்கும் அளவு இரும்பு அடுப்பு; உள்ளே நான்கு முழு ஆட்டுக்குட்டித் தொடைகள் ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தன. மேசைமேல் மலையாக உருளைக்கிழங்கு, குமரா என்று அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பயிரிடும் சர்க்கரைவள்ளி, சாம்பல் நிறப் பூசணி. வாளியில் கிரீம். வாளியில்! சுவரில் சாக்கட்டியால் எழுதிய நேரப் பட்டியல்: படகு வருவது பதினொன்றே முக்கால். பரிமாறுவது பன்னிரண்டே கால். படகு கிளம்புவது இரண்டு மணிக்குள். அந்தக் கடைசி வரியின் கீழ் இரண்டு கோடுகள்.

"பன்னிரண்டரைக்கு ஆறு நிறையும். இரண்டு மணிக்குமேல் நின்றால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். முப்பத்திரண்டு பேரும் ராத்திரிவரை இங்கேதான்" என்றார் மொரீன்.

விருந்து ஒரு கிழத் தம்பதியின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் நகரத்துப் படகுத்துறையிலிருந்து லாஞ்ச் பிடித்து வருகிறார்கள். ஆளுக்கு ஒன்பது டாலர் ஐம்பது சென்ட், இனிப்பு உட்பட. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டோடு சேர்த்துத்தான் பீர் ஊற்றலாம் என்பது அந்நாட்டுச் சட்டம் என்பதால் மொரீனின் கணவர் பாட் முன்னறையில் மேசை போட்டுக்கொண்டிருந்தார். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர்.

ரஞ்சினி வேலையைத் தொடங்கியதும் வேறு ஆளாகிவிட்டார். சோடா உப்புப் போட்ட அயர்லாந்து ரொட்டியைப் பிசையும்போதே மொரீன் கையை நிறுத்திப் பார்த்தார். பீஜோவாப் பழங்களை நான் மேசையில் வைத்திருந்தேன். ரஞ்சினி அவற்றைச் சீவி ஆப்பிளோடு கலந்து, மாவுத்தூளை மேலே தூவி, கடைசி இருபது நிமிடம் மட்டும் அடுப்பில் வைக்கவேண்டும் என்று ஒதுக்கினார்.

பத்து ஐம்பதுக்கு மொரீன் புதினா பறிக்கப் பின்பக்கம் போனார். ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஈரப்படியில் வழுக்கி விழுந்திருந்தார். வலது மணிக்கட்டு நாங்கள் பார்க்கும்போதே வீங்கியது. இடது கையில் புதினாக் கட்டு அப்படியே இருந்தது. பாட் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, துணியில் ஐஸ் சுற்றிக் கட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றார் பாட்.

"படகு போனபிறகு" என்றார் மொரீன். பிறகு அடுப்பைப் பார்த்தார். உள்ளிருந்த இறைச்சித் தட்டுகளை ஒரு கையால் இழுக்க முடியாது. பாட் கத்தி பிடித்து அரிவார். அதற்குமேல் அவருக்கு அடுக்களையில் ஒன்றும் தெரியாது என்று மொரீனே சொன்னார். தொடைகளை வெளியே எடுத்து, கொழுப்பை ஊற்றி, திருப்பி, இன்னும் ஒரு மணிநேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு தட்டில் வடிந்த சாறிலிருந்து குழம்பு வைக்க வேண்டும். அந்தக் குழம்பு இல்லாமல் அந்த நாட்டில் விருந்து இல்லை.

யாரும் ரஞ்சினியைக் கேட்கவில்லை. மொரீன் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. சொன்ன சொல்லுக்காக அந்த அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எடுக்கறங்க" என்றேன் நான்.

"நீங்கள் கொட்டிப்போடுவீங்கள், அண்ணா."

ரஞ்சினி அடுப்பின் முன் நின்றார். கைகள் ஏப்ரனைப் பிடித்திருந்தன. ஒரு நிமிடம் இருக்கும். 

"கலவரத்தில எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில வைச்சிருந்தவை, அண்ணா" என்றார் என் பக்கம் திரும்பாமல். "பதினெட்டு நாள். வரிசையில நிண்டு கோப்பையை நீட்டுவன், ஆரோ போடுவினம். ஆர் சமைச்சது, அவை என்ன தின்னுறவை எண்டு நான் கேக்கேல்லை. சுடச்சுட இருந்துது. அவ்வளவும்தான் எனக்குத் தெரிஞ்சுது."

பிறகு இரண்டு கைகளிலும் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, கதவைத் திறந்து, முதல் தட்டை இழுத்தார். கொதிக்கும் கொழுப்பின் நெடி முகத்தில் அடித்தது. அவர் கண்களை ஒருமுறை இறுக மூடித் திறந்ததைப் பார்த்தேன். தட்டு ஆடவில்லை.

"தூக்கிறது நான். ருசி பாக்கிறது நீங்கள். சரியோ?"

"சரிங்க" என்றேன்.

அடுத்த ஒரு மணிநேரம் நாற்காலியிலிருந்து மொரீன் சொல்லச் சொல்ல ரஞ்சினி செய்தார். கொஞ்ச நேரத்தில் மொரீன் சொல்வதற்கு முன்பே செய்தார். எந்தத் தொடை வெந்தது என்று குத்திப் பார்க்காமல் மூக்கால் சொன்னார். "இடப்பக்கத்துப் பின்தட்டு வெந்தது காணும், எடுக்கலாம். மற்றது இன்னும் பத்து நிமிசம்." மொரீன் என்னைக் கத்தியால் குத்திப் பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது. மொரீனின் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. எனக்கும் அப்படித்தான்.

பதினொன்றே முக்காலுக்கு வெளியே ஹாரன் கேட்டது. சன்னல் வழியே பார்த்தேன். காலையில் சேறாகக் கிடந்த இடத்தில் கரைதொட நீர். அலையாத்திகள் தலை மட்டும் காட்டின. அந்தப் பச்சைக் கண்ணாடிமேல் வெள்ளை லாஞ்ச் ஒன்று, நிறைய தொப்பிகளோடு, வளைவைத் திரும்பி வந்தது. ஒரு நாட்டுக்கு ஆறு இப்படித் தினம் இரண்டுமுறை புதிதாகச் செய்து தரப்படுகிறது என்பதை நான் கையில் துடைப்புத் துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா! இங்கால வாங்கோ. கெதியா!"

குழம்பு. தட்டில் வடிந்த சாறில் மாவைத் தூவி, உருளைக்கிழங்கு வெந்த நீரை ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தார். "மாப் பச்சை மணம் போயிட்டுது. இப்ப பாருங்கோ."

கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தேன். இத்தனை வருடத் தொழிலில் என் நாக்கை நம்பி ஒருவர் இப்படிக் காத்து நின்றதில்லை. "உப்பு ஒரு சிட்டிகை வேணுங்க. அடியில லேசாக் கசக்குது, தட்டு தீஞ்சதுனால. இனிப்பு எதாச்சும் ஒரு துளி விட்டா அடங்கும்."

மொரீன் அலமாரியைக் காட்டினார். பிளம் ஜாம். ரஞ்சினி அரைக் கரண்டி போட்டுக் கிளறினார். மறுபடி ருசித்தேன். கசப்பு அடங்கி இறைச்சியின் முழுச்சாரமும் மேலே வந்தது. "போதுங்க. இனிமே ஒண்ணும் போடாதீங்க."

பன்னிரண்டே காலுக்குப் பாட் அரிய, நானும் அவருமாக முப்பத்திரண்டு தட்டுகளைச் சுமந்தோம். ஒவ்வொரு தட்டிலும் மூன்று துண்டு இறைச்சி, பொன்னிறமாகப் பொரிந்த கிழங்கு, குமரா, பூசணி, பச்சைப் பட்டாணி, மேலே குழம்பு, ஓரத்தில் புதினாப் பச்சடி. சாப்பிடத் தொடங்கியதும் கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பேரப்பிள்ளைகள்கூடப் பேசவில்லை. கத்தியும் முள்கரண்டியும் பீங்கானில் உரசும் சத்தம் மட்டும். நான் கதவோரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். எனக்கென்று பாட் ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தார். அதை நின்றபடியே சாப்பிட்டேன். அந்த நாட்டில் நான் சாப்பிட்டதில் சிறந்த சாப்பாடு அதுதான் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. பிறகு பீஜோவா இனிப்பு, அதன்மேல் அடித்த கிரீம். பழத்தின் அந்தத் தைல மணம் கொஞ்சமும் போகவில்லை.

ஒன்று முப்பத்தைந்துக்குக் கிழவர் எழுந்தார். பெயர் டாம். கோட்டில் ஒரு பூ. பேச்சு நீளாது என்று முதலிலேயே சொன்னார். ஐம்பது வருடத்துக்கு முன் கல்யாணம் முடிந்த மதியம் மனைவி ஐவியைத் தானே துடுப்புப் போட்டு இந்த ஆற்றில் அழைத்துவந்ததாகவும், அன்று இதே கூடத்தில் கிடைத்தது ரொட்டியும் ஆறிய இறைச்சியும்தான் என்றும், பிறகு பேசிக்கொண்டே இருந்ததில் நீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். "அன்று சமைத்தவரை நாங்கள் பார்க்கவில்லை. இன்று பார்க்க விரும்புகிறோம்."

எல்லாரும் மொரீனைப் பார்த்தார்கள். மொரீன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சமைத்தவர் உள்ளே இருக்கிறார்."

நான் போய் அழைத்தேன். ரஞ்சினி வரமாட்டேன் என்றார். புடவை முழுக்கத் தெறிப்பு, முகமெல்லாம் வியர்வை. "என்ன கதைக்கிறீங்கள், அண்ணா, இந்தக் கோலத்தில?" மொரீன் உள்ளே வந்து, நல்ல கையால் அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

முப்பத்திரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். குழந்தைகள்கூட. ஒரு சாப்பாட்டுக்காக எழுந்து நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. கை தட்டினார்கள். ஐவி நடந்துவந்து ரஞ்சினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, குழம்பில் என்ன போட்டாய் என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார் ரஞ்சினி ஆங்கிலத்தில். "நான் ருசி பார்க்கவில்லை. எங்கள் வழக்கத்தில் இறைச்சி இல்லை. ருசி பார்த்தவர் இவர்."

 ஐவி அந்தக் கைகளை விடவில்லை.  "எங்களுக்காகச் செய்தாயா?" என்றார் மெதுவாக. ரஞ்சினி தலையை ஆட்டினார்.  அழவில்லை.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு லாஞ்ச் புறப்பட்டது. தண்ணீர் ஏற்கெனவே கரையைவிட்டு ஒரு சாண் இறங்கியிருந்தது. வளைவு திரும்பும்வரை தொப்பிகள் ஆடின.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பாட் காரை எடுக்கப் போனார். நாங்கள் பாத்திரம் கழுவத் திரும்பினோம். உள்ளே மொரீன் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். ரஞ்சினி செய்த ரொட்டியில் ஒரு துண்டை, உடம்பால் மேசையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தி வழுக்கியது. மறுபடி தடவினார். தட்டில் குமராவும் பூசணியும் இருந்தன, இறைச்சித் தட்டில் படாமல் தனிக் கிண்ணத்தில் முன்பே எடுத்து வைத்தவை.

"காலையிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை. உட்கார்" என்றார்.

ரஞ்சினி கையை மூன்றுமுறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். அப்போதுதான் அழுதார். மொரீன் இன்னொரு துண்டுக்கு வெண்ணெய் தடவினார்.

போகுமுன் மொரீன் சொன்னது இதுதான்: வேலை உன்னுடையது. காய்கறி, ரொட்டி, இனிப்பு. என் கை தேறியதும் இறைச்சி மறுபடி என்னுடையது. அதுவரை என்ன செய்வது என்பதை நீயே முடிவு செய்.

நாலரைக்கு ராமசாமி வந்தார். பின்னால் பூசணிக்காய்கள் உருண்டன. மீன் வறுவல் கடை திறந்திருந்தது. அவர் இரண்டு டாலருக்கு ஒரு பொட்டலம் வாங்கி, சூடு தாங்காமல் கைமாற்றி மாற்றித் தின்றார். ஆறு முழுக்க வற்றியிருந்தது. நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும் மினுங்கியது.

மாஸி மேடு இறங்கினோம். ரஞ்சினி உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். "மணம் இன்னும் நிக்குது, அண்ணா."

"போயிருமுங்க."

"போகட்டும், போகாமல் விடட்டும். கை என்ர கைதானே."

வீட்டில் சிவபாலன் வாசலில் நின்றார். ரஞ்சினி நேரே போய்த் தலைக்குக் குளித்தார். சாமி அறையில் விளக்கேற்றி வெகுநேரம் இருந்தார். பிறகு வந்து, ஒன்றும் மறைக்காமல் முழுவதும் சொன்னார். சிவபாலன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த மனிசியின்ர கை இப்ப எப்பிடி?" என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை ரஞ்சினி போன் செய்தார். கை தேறும்வரை இறைச்சியும் தான் செய்வதாகவும், ருசி பார்க்க மொரீன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றும் சொன்னார். நான் ஜூன் மாதம் ஊர் திரும்பும்போது டாவர்ன் கரும்பலகையில், பொரித்த ஆட்டிறைச்சிக்குக் கீழே, ரஞ்சினியின் பருப்பு சூப் என்று ஒரு வரி இருந்தது. ஒரு டாலர் எண்பது சென்ட். அதையும் ருசி பார்த்தேன். அதை ருசி பார்க்க நான் தேவைப்படவில்லை.

ஆக்லாந்து விமான நிலையத்தில் உட்கார்ந்து, ஊரில் சாப்பிட்ட பந்திகளை நினைத்துப் பார்த்தேன். எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து. சாம்பாரில் உப்புக் கூடியதைச் சொல்லியிருக்கிறேன், பாயசத்தில் நெய் குறைந்ததைச் சொல்லியிருக்கிறேன். சமைத்தவர்களின் முகம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பார்த்திருந்தால்தானே வரும்.

திரும்பிய மாதமே கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். இலையை மடித்துக் கை கழுவியபிறகு மண்டபத்தின் பின்பக்கம் போனேன். புகைக்குள்ளிருந்து தலைமைச் சமையல்காரர் அவசரமாக வந்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"என்னங்க, எதுலயாச்சும் குறைங்களா?"

"குறை ஒண்ணுமில்லீங்க. ரசம் ரொம்ப நல்லா இருந்துச்சு. யார் வெச்சாங்கன்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "பாப்பாத்தி, இங்க வா புள்ள" என்று கூப்பிட்டார். அண்டாக்களுக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாள், என்னவோ தப்பு நடந்துவிட்ட முகத்தோடு, கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றார்.

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.